வெந்நீர் ஊற்றின் நீர் எங்கிருந்து வருகிறது? சமதானிகளைக் கொண்டு கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய் ஏழு கிணறுகளிலும் ஒவ்வொரு போத்தல் நீர் எடுத்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பி, "இதைச் சமதானிப் பரிசோதனைக்குக் கொடுத்தால் நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்தானே?" என்று கேட்கும் மாணவர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். தெரியாது. அந்த ஏழு போத்தல்களும் ஏழு சோடி எண்களைத் தரும். அவற்றை எந்த மழையோடு, எந்தக் கிணற்று நீரோடு ஒப்பிடுவது என்பது கையில் இல்லாதவரை அவை வெறும் எண்களே.

ஆகவே இந்த வழிகாட்டியில் ஊற்று கடைசியில்தான் வருகிறது. மழை முதலில், குளிர்ந்த நிலத்தடி நீர் அடுத்தது, வெந்நீர் அதற்கும் பின்னர். இந்த ஒழுங்கை மாற்றியவர்கள் அனைவரும் இரண்டாம் முறை போக நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சமதானிகள் என்பவை ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்; ஐசோடோப்பு என்று படித்தவர்களும் இருப்பீர்கள். நீரில் ஒட்சிசன்-16 உடன் சிறிதளவு ஒட்சிசன்-18 இருக்கிறது. சாதாரண ஐதரசனுடன் சிறிதளவு பாரமான ஐதரசன், அதாவது டியூட்டீரியம், இருக்கிறது. ஆவியாகும்போது பாரமானவை பின்தங்கும், மழையாகும்போது முதலில் விழும். அதனால் ஒவ்வோர் இடத்து மழைக்கும் தனி அடையாளம் உண்டாகிறது. வியன்னா நியமக் கடல்நீரிலிருந்து அந்த விகிதம் ஆயிரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்பதே டெல்டா மதிப்பு. கீழே வரும் டெல்டா எண்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"ஊற்றின் மூலம்" என்பது ஒரு கேள்வி அல்ல, நான்கு. நீர் எந்த உயரத்தில் விழுந்த மழை? நிலத்துக்குள் எவ்வளவு காலம் இருந்தது? கடல்நீரோ மேலோட்டமான கிணற்று நீரோ கலந்திருக்கிறதா? வாயுவும் வெப்பமும் பாறையிலிருந்து வந்தவையா, எரிமலைக் குழம்பிலிருந்து வந்தவையா?

முதற் கேள்விக்கு ஒட்சிசன்-18, டியூட்டீரியம் போதும். இரண்டாவதற்குக் காலப்போக்கில் தேயும் கதிரியக்கச் சமதானிகளான திரித்தியமும் (ஐதரசனின் சமதானி) காபன்-14 உம் வேண்டும். மூன்றாவதற்குக் குளோரைட்டு இல்லாமல் முடியாது. நான்காவதற்கு ஈலியம். ஒவ்வொன்றுக்கும் போத்தல் வேறு, அளவு வேறு, செலவு வேறு. கேள்வியை எழுதாமல் புறப்பட்டால் தேவையான போத்தல் மட்டும் பெட்டியில் இருக்காது.

2. புறப்படுமுன் சேர்க்க வேண்டியவை

ஒட்சிசனுக்கும் ஐதரசனுக்கும் 50 மில்லிலீற்றர் கொள்ளும் தடித்த பொலித்தீன் போத்தல், உள்மூடியும் வெளிமூடியும் உள்ளதாக. திரித்தியத்துக்கு 1 லீற்றர் போத்தல். வடிகட்ட 0.45 மைக்ரோமீற்றர் வடிதாள். வெப்பமானி, பிஎச் மானி, மின்கடத்துதிறன் மானி, மூடியைச் சுற்ற மின்சார வேலைக்கான ஒட்டுநாடா, பென்சில்.

பென்சிலை வேண்டுமென்றே சொல்கிறேன். வெந்நீர் ஆவியிலும் வியர்வையிலும் பேனா மை கரைந்து, எந்தப் போத்தல் எந்தக் கிணற்றுடையது என்று தெரியாமல் போன ஒரு நாள் முழுவதையும் நாங்கள் இழந்திருக்கிறோம்.

அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். கன்னியா தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பிலுள்ள இடம். அதைவிட முக்கியமாக, இறந்தவர்களுக்கான கிரியைகளைச் செய்ய மக்கள் வரும் இடம். கடிதம் கையில் இருந்தாலும், கிரியை நடக்கும் வேளையில் கயிறும் போத்தலுமாக அருகே போகாதீர்கள். காத்திருங்கள்.

3. மழையைச் சேகரியுங்கள், குறைந்தது ஓர் ஆண்டு

புதியவர்கள் தவிர்க்க நினைப்பதும் தவிர்க்கவே கூடாததும் இந்தப் படிதான்.

மழையின் இரு டெல்டாக்களையும் இணைக்கும் உலக மழைநீர்க் கோடு நூல்களில் இருக்கிறது: டியூட்டீரிய டெல்டா = 8 × ஒட்சிசன் டெல்டா + 10. ஆனால் அது உலகம் முழுவதன் சராசரி. உங்கள் ஊற்றுக்கு மேலே பெய்யும் மழையின் கோடு சாய்விலும் வெட்டுத்துண்டிலும் சற்று வேறுபடலாம். அந்தச் சிறு வேறுபாட்டை அறியாவிட்டால் மழையின் இயல்பையே ஊற்றின் விலகல் என்று எழுதிவிடுவீர்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. வீட்டு மொட்டைமாடியில் மழை சேகரிப்பது எளிது. ஆனால் கொழும்புக்கு முக்கியமான மழை தென்மேற்குப் பருவத்திலும் இடைப்பருவங்களிலும் வருகிறது. திருகோணமலைக்குப் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான வடகிழக்குக் காலத்தில் வருகிறது. ஈரக்காற்று புறப்படும் கடலும் வேறு, கடந்துவரும் பாதையும் வேறு. கொழும்பு மழையை அளவுகோலாக வைத்துக் கன்னியா நீரை அளந்த ஓர் ஆய்வேட்டை முழுவதும் திருப்பி எழுத வைத்திருக்கிறேன். அந்த மாணவியின் எண்களில் பிழை இல்லை. மழைதான் வேறு ஊருடையது. ஊற்றுக்கு அருகே ஒரு பாடசாலையிலோ கோயில் வளவிலோ சேகரிப்பானை வைத்து, மாதம் ஒருமுறை நீரை எடுத்து வைக்கக்கூடிய ஒருவரைக் கண்டுபிடியுங்கள். இந்த வேலையில் அவரைவிட முக்கியமான துணை வேறு இல்லை.

சேகரிப்பானின் புனலிலிருந்து ஒரு குழாய் போத்தலின் அடிவரை போக வேண்டும். நீர் வாய்வழியே காற்றைத் தொட்டால் ஆவியாகி அடையாளம் மாறும். ஆவியைத் தடுக்கப் பரஃபின் எண்ணெய் ஊற்றும் பழைய முறை உண்டு. லேசர் கருவியில் அளக்கப்போகிறீர்கள் என்றால் எண்ணெய் வேண்டாம், அது அளவீட்டைக் கெடுக்கும்.

சராசரி எடுக்கும்போது மழையின் அளவைக் கொண்டு நிறையிடுங்கள். உதாரணமாக ஒரு மாதம் 20 மில்லிமீற்றர் மழை, டெல்டா −1. மறு மாதம் 380 மில்லிமீற்றர், டெல்டா −7. வெறும் சராசரி −4. நிறையிட்ட சராசரி −6.7. நிலத்துக்குள் இறங்கியது பெரும்பாலும் அந்த 380 தான். ஊற்றோடு ஒப்பிட வேண்டியதும் −6.7 தான்.

சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக வளிமண்டலவியல் அமைப்பும் சேர்ந்து நடத்தும் மழைநீர்ச் சமதானி வலையமைப்பின் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஓர் ஆண்டு வழமையான ஆண்டுதானா என்று பார்க்க அவற்றைப் பயன்படுத்துங்கள். உங்கள் சேகரிப்புக்குப் பதிலாக அல்ல.

4. குளிர்ந்த நீர்: கிணறு, குளம், ஆறு, கடல்

ஊற்றைச் சுற்றிப் பல திசைகளிலும் பத்துப் பதினைந்து குளிர்ந்த கிணறுகள், அருகிலுள்ள ஒரு குளம், கடற்கரை என்றால் கடல்நீர். வறண்ட காலத்தில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை.

குளத்தை விட்டுவிடாதீர்கள். வரண்ட வலயத்தில் குளத்து நீர் மாதக்கணக்கில் வெயிலில் ஆவியாகி, மழைக்கோட்டின் வலப்புறம் தெளிவாக விலகி நிற்கும். ஊற்றில் அந்த விலகலின் சாயல் தெரிந்தால், குளத்திலிருந்து கசிந்த நீர் கலக்கிறதா என்று கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

5. ஊற்றில் மாதிரி எடுத்தல்

விடியற்காலையில் போங்கள். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து இரவு ரயிலில் போய்க் காலையில் இறங்கினால் குளிக்க வருவோர் கூட்டத்துக்கு முன் வேலையை முடிக்கலாம். வாளியால் அள்ளி ஊற்றும் நீர் வழிந்து திரும்பக் கிணற்றுக்குள் விழுந்தால், நீங்கள் எடுப்பது பாதி பழைய நீர்.

முதலில் சூடு, பிஎச், மின்கடத்துதிறன். இவற்றை அங்கேயே, நீரின் சூட்டிலேயே அளக்க வேண்டும். நீர் ஆறும்போது காபனீரொட்சைட்டு வெளியேறிப் பிஎச் ஏறிவிடும். வாகனத்துக்குத் திரும்பி நிழலில் அளக்கலாம் என்று நினைப்பது வழமையான பிழை.

மேற்பரப்பில் எடுக்காதீர்கள். திறந்த கிணற்றின் மேல்நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. குழாயை அடியில், நீர் பீறிடும் இடத்துக்கு இறக்கி, கையால் இயக்கும் பம்பியால் இழுங்கள். போத்தலை அதே நீரால் மூன்று முறை அலசி, வழிய வழிய நிரப்பி, குமிழி ஒன்றும் இல்லாமல் மூடுங்கள். காற்றிடம் விட்டால் அந்தச் சிறு இடத்துக்குள் ஆவி எழுந்து மூடியில் படியும்; கொழும்பு வரும் வழியில் சூடான வாகனத்துக்குள் இது பலமுறை நடக்கும்.

எந்தப் போத்தலில் என்ன சேர்ப்பது என்பதிலும் தடுமாற்றம் உண்டு. ஒட்சிசன், ஐதரசன், திரித்தியம் ஆகியவற்றுக்கு எதுவும் சேர்க்கக்கூடாது. உலோக அயன்களுக்கான போத்தலில் மட்டும், வடிகட்டிய பின், நைத்திரிக் அமிலம். காபனுக்கான நீரில் அமிலம் பட்டால் காபன் வாயுவாகப் போய்விடும், மாதிரி வீண். அழுகிய முட்டை மணம் வந்தால் ஐதரசன் சல்பைட்டு இருக்கிறது. சல்பேற்றின் சமதானியும் வேண்டுமானால் நாக அசற்றேற்று சேர்த்துச் சல்பைட்டை உடனே படிய வைத்து வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் அது வழியிலேயே ஒட்சியேறிப் புதிய சல்பேற்றாகி, உண்மையான சல்பேற்றை மறைத்துவிடும்.

திரித்தியத்துக்கு எடுக்கும்போது இருளில் ஒளிரும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். சில கடிகாரங்களின் ஒளிர்வுக்குத் திரித்தியமே காரணம். நம் மழையில் இருப்பதோ மிகக் குறைந்த அளவு.

ஈலியம் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் உதவா, இரண்டினூடாகவும் அது கசியும். செப்புக் குழாயில் நீரை ஓடவிட்டு, குமிழிகளைத் தட்டி வெளியேற்றி, இரு முனைகளையும் இடுக்கியால் நசுக்கி மூட வேண்டும். முதல் முறை செய்பவர் வீட்டில் குழாய்த்தண்ணீரில் நான்கைந்து தடவை பழகிவிட்டுப் போவது நல்லது.

6. ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும்போது

பத்துக்கு ஒன்றாக இரட்டை மாதிரி வையுங்கள், ஆனால் அது இரட்டை என்று ஆய்வுகூடத்துக்குச் சொல்லாதீர்கள். வேறு இலக்கம் கொடுங்கள். திரும்பி வரும் இரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடே உங்கள் உண்மையான பிழை எல்லை.

நல்ல அளவீட்டில் ஒட்சிசனுக்குச் சுமார் 0.1, டியூட்டீரியத்துக்குச் சுமார் 1 பிழை இருக்கும். டியூட்டீரிய மிகை என்பது டியூட்டீரிய டெல்டாவிலிருந்து ஒட்சிசன் டெல்டாவின் எட்டு மடங்கைக் கழித்தது. ஒட்சிசனின் பிழையும் எட்டால் பெருகுவதால் மிகையின் பிழை சுமார் 1.3 ஆகிறது. இரண்டு கிணறுகளுக்கு இடையே மிகையில் 1 வேறுபட்டால் அதற்கு ஒரு கதை எழுத வேண்டாம்.

7. வரைவதற்கு முன் இரசாயனத்தைச் சரிபாருங்கள்

நேரயன்களின் கூட்டுத்தொகையும் எதிரயன்களின் கூட்டுத்தொகையும் ஏறத்தாழ 5 வீதத்துக்குள் பொருந்த வேண்டும். பொருந்தாத மாதிரியின் சமதானி எண்ணை நம்பி நீண்ட விளக்கம் எழுதுவது மணலில் சுவர் கட்டுவது.

8. கோடும் விலகலும்

கிடையச்சில் ஒட்சிசன், நிலையச்சில் டியூட்டீரியம். முதலில் உங்கள் மழைக்கோடு, பிறகு குளிர்ந்த நீர், கடைசியில் ஊற்றுகள். இந்த ஒழுங்கில் வரைந்தால் கண் தானாக ஒப்பிடும்.

ஊற்று மழைக்கோட்டின் மேலேயே நின்றால் அது மழைநீர். பாறையோடு ஒட்சிசனைப் பரிமாறவில்லை, குறிப்பிடத்தக்க அளவு ஆவியாகவும் இல்லை.

கோட்டிலிருந்து வலப்புறம் கிடையாக விலகினால் அது ஒட்சிசன் நகர்வு. அதிக வெப்பத்தில் நீர் பாறையின் ஒட்சிசனோடு பரிமாறுகிறது; பாறையில் ஐதரசன் மிகக் குறைவு என்பதால் டியூட்டீரியம் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. கலிபோர்னியாவின் சால்ட்டன் கடல் போன்ற புவிவெப்ப வயல்களில் இதைக் காணலாம்.

சாய்வு 4 முதல் 6 வரையுள்ள ஒரு கோட்டில் மேலேறிக்கொண்டே வலப்புறம் போனால் அது மேற்பரப்பு ஆவியாதல்.

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். நூல்களில் ஒட்சிசன் நகர்வைப் படித்துவிட்டு, கன்னியாவிலோ தெற்கிலுள்ள மகாபெலஸ்ஸ வெந்நீர் ஊற்றிலோ வலப்புறம் ஒரு சிறு விலகலைக் கண்டதும் "ஆழத்தில் அதிவெப்பம், பாறைப் பரிமாற்றம்" என்று எழுதுகிறார்கள். இலங்கையில் உயிருள்ள எரிமலை இல்லை. நம் வெந்நீர் ஊற்றுகளில் பெரும்பாலானவை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்னும் இரு பெரும் பாறைத் தொகுதிகளுக்கும் இடையிலான எல்லையை ஒட்டி, பாறை வெடிப்புகள் வழியே ஆழம் இறங்கிச் சூடாகி ஏறும் நீர். சூடு மிதமாக இருக்கும்போது இத்தகைய பளிங்குருப் பாறைகளோடு ஒட்சிசன் பரிமாற்றம் மிக மெதுவானது. ஆகவே விலகலைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது திறந்த கிணற்றின் ஆவியாதல், அடுத்தது குளத்து நீர், அதற்குப் பிறகுதான் பாறை. இரண்டு அல்லது மூன்று புள்ளிகளை வைத்துச் சாய்வு கணிப்பதும் வேண்டாம். ஒரே ஊற்றைப் பல மாதங்களில் எடுத்துப் புள்ளிகளைக் கூட்டுங்கள்.

ஆழத்தைத் தோராயமாகச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. கரைந்த சிலிக்காவின் அளவிலிருந்து ஆழத்துச் சூட்டைக் கணிக்கும் சிலிக்கா வெப்பமானி ஆழத்து நீருக்கு 110 பாகை என்று காட்டுகிறது என்று வைப்போம். தரையின் சராசரி 28 பாகை, ஒரு கிலோமீற்றருக்கு 25 பாகை ஏற்றம் என்று கொண்டால் 82 ஐ 25 ஆல் வகுக்க, சுமார் 3.3 கிலோமீற்றர். எரிமலைக் குழம்பு இல்லாமலே இந்தச் சூடு கிடைக்கும்.

9. மழை விழுந்த உயரம்

உயரம் கூடக் கூட மழையின் டெல்டா குறைகிறது. ஒட்சிசனுக்கு 100 மீற்றருக்குப் பொதுவாக 0.15 முதல் 0.5 வரை. உங்கள் பகுதிக்கான அளவைப் பல உயரங்களில் எடுத்த மழையிலிருந்தோ சிற்றூற்றுகளிலிருந்தோ நீங்களே கணிக்க வேண்டும். 0.25 என்று வந்து, ஊற்று தாழ்நில மழையைவிட 1 குறைவாக இருந்தால், நீர் விழுந்த இடம் அந்தத் தாழ்நிலத்தைவிடச் சுமார் 400 மீற்றர் உயரத்தில்.

ஆனால் உடனே நம்பிவிடாதீர்கள். வெப்பமண்டலத்தில் பெருமழையும் டெல்டாவைக் குறைக்கும். வடகிழக்குப் பருவத்தின் அடைமழை மட்டும் நிலத்துக்குள் இறங்கினால், தாழ்நிலத்தில் விழுந்த நீரே மலைநீர் போலக் காட்சி தரும். நிறையிட்ட சராசரியோடு ஒப்பிட்ட பிறகும் 1 குறைவாக இருக்கிறதா? அப்படியிருந்தால் மட்டும் மலையைத் தேடுங்கள். தேடும்போது நிலப்படத்தைத் திறந்து, அந்த உயரமுள்ள மேடு ஊற்றுக்கு எத்திசையில் இருக்கிறது, இடையில் வெடிப்புகள் அப்படி ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். நிலவமைப்பு அனுமதிக்காத உயரத்தைச் சமதானி மட்டும் நிறுவ முடியாது.

10. கடல்நீர் கலந்திருக்கிறதா

கடலோர ஊற்றுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். சமதானியால் பதில் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். ஒரு உதாரணக் கணக்கைப் பாருங்கள்.

ஊற்றில் குளோரைட்டு லீற்றருக்கு 400 மில்லிகிராம், அருகிலுள்ள நன்னீரில் 50, கடல்நீரில் சுமார் 19,350. கூடுதலான 350 முழுவதும் கடலிலிருந்து வந்தது என்றால் கடல்நீரின் பங்கு 1.8 வீதம். நன்னீரின் ஒட்சிசன் டெல்டா −6, கடலின் டெல்டா 0. இந்தக் கலவை ஏற்படுத்தும் மாற்றம் வெறும் 0.11. அது அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துவிடும். எனவே இங்கே குளோரைட்டும் புரோமைட்டும்தான் பேச வேண்டும். கடல்நீரில் அவற்றின் நிறை விகிதம் ஏறத்தாழ 290. அது பொருந்தாவிட்டால் உப்பு பாறையிலிருந்தோ வேறு வழியிலோ வந்தது.

11. நீரின் வயது

திரித்தியத்தின் அரைவாழ்வு 12.32 ஆண்டுகள். மழையில் 2 திரித்திய அலகு இருந்தால் ஏறத்தாழ 25 ஆண்டுகளில் அது அரை அலகாகிவிடும். நம் போன்ற தாழ் அகலாங்குகளில் மழையிலேயே குறைவு என்பதால், மின்பகுப்பால் செறிவூட்டி அளக்கும் ஆய்வுகூடத்துக்கே கொடுங்கள். கிடைக்கும் எண்ணிலிருந்து "இத்தனை வயது" என்று எழுதாதீர்கள். திரித்தியம் கண்டால் புதுநீர் கலந்திருக்கிறது. காணாவிட்டால் சில பத்தாண்டுகளுக்கு மேல் பழையது. அவ்வளவே சொல்லலாம்.

காபன்-14 இன்னும் கவனம் கேட்கும். ஆழத்திலிருந்து வரும் காபனீரொட்சைட்டிலும் சுண்ணக்கல்லிலும் காபன்-14 இல்லை. கரைந்த காபனில் பாதி அப்படிப்பட்டது என்றால், நேற்றுப் பெய்த மழையும் 5,730 ஆண்டுப் பழையதாகத் தோன்றும். காபன்-13 இன் டெல்டாவைக் கொண்டு திருத்தாமல் அந்த வயதை வெளியிடக்கூடாது: மண்ணின் கரிமப் பொருளுக்குச் சுமார் −25, கடற் சுண்ணக்கல்லுக்குச் சுமார் 0, புவியோட்டுக்குக் கீழுள்ள மூடகத்தின் வாயுவுக்கு −5 அளவில்.

12. ஈலியம்

ஈலியம்-3 க்கும் ஈலியம்-4 க்கும் உள்ள விகிதத்தைக் காற்றின் விகிதத்தோடு ஒப்பிடுகிறோம். காற்று 1 என்றால், பழைய புவியோட்டுப் பாறை 0.02 அளவில், நடுக்கடல் முகடுகளின் மூடக வாயு 8 அளவில். 1 க்கு அருகே வந்தால் "கலவை" என்று எழுதும் முன் நியோனைப் பாருங்கள். மாதிரிக்குள் காற்று புகுந்திருந்தாலும் அதே எண்தான் வரும்.

13. கொதிக்கும் வயல்களுக்குப் போகிறவர்களுக்கு

புலமைப்பரிசிலில் ஐஸ்லாந்துக்கோ நியூசிலாந்துக்கோ போகும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும். துளைக்கிணற்றில் நீர் ஏறும்போதே கொதித்து இரண்டாகப் பிரிகிறது. நீரை மட்டும் எடுத்தால் பாரமான பகுதியையே பார்க்கிறீர்கள். பிரிப்பானில் நீரையும் ஆவியையும் ஒரே அழுத்தத்தில் எடுத்து, ஆவியைக் குளிர்வித்து நீராக்கி, ஆவியின் பங்கோடு சேர்த்துக் கணியுங்கள். நீர் −4, ஆவி −7, ஆவியின் பங்கு ஐந்தில் ஒன்று என்றால் ஆழத்து நீர் −4.6. மழைக்கோட்டோடு ஒப்பிட வேண்டியது இதையே.

14. அறிக்கையும் மீதிப் போத்தலும்

அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் திகதி, நேரம், நீரின் சூடு, எடுத்த ஆழம், அளந்த கருவி வகை, பிழை எல்லை ஆகியவற்றை எழுதுங்கள். கணிப்பில் பயன்படுத்திய மழைத் தரவை முழுமையாக இணையுங்கள், சராசரியை மட்டும் அல்ல. அடுத்து வருபவர் அந்த மழையிலிருந்துதான் தொடங்குவார்.

ஒவ்வோர் ஊற்றிலும் ஒரு போத்தலைக் கூடுதலாக எடுத்து, ஒட்டுநாடா சுற்றி, நிறையைக் குறித்து, இருளான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். உறைய விடவேண்டாம், மூடி பிளந்துவிடும். மீண்டும் அளக்க நேரும்போது முதலில் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைந்திருந்தால் அந்தப் போத்தல் ஆவியாகியிருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு ஊற்றுக்கு மறுபடியும் போங்கள்.